தோள்பட்டையைக் கொஞ்சம் இறக்குங்க பாஸ்!

ஒரு சின்ன டெஸ்ட். இந்த பாராவைப் படிச்சுக்கிட்டே அப்படியே சிலை மாதிரி இருங்க. கை, கால் எதையும் அசைக்கக் கூடாது. இப்போ ஒவ்வொண்ணா செக் பண்ணுங்க. தோள்பட்டை ரெண்டும் எங்கே இருக்கு? காதுக்குப் பக்கத்துல ஏறி உட்கார்ந்திருக்கா? மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கா? புருவத்துக்கு நடுவுல சுருக்கம்? கால் விரல் செருப்புக்குள்ள மடங்கிக் கிடக்கா?

ரெண்டு கேள்விக்காவது 'ஆமா'ன்னு பதில் வந்திருக்குமே! கவலைப்படாதீங்க, செமஸ்டர் நேரத்துல லைப்ரரியில் உட்கார்ந்திருக்கிற முக்கால்வாசிப் பேர் இந்த போஸ்லதான் இருப்பாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, இந்த வேலையை எல்லாம் நாமதான் செய்றோம்னு நமக்கே தெரியாது. யாரும் சொல்லலை, சம்பளமும் இல்லை, ஆனா தசைகள் ஓவர்டைம் பார்க்குது. சாயங்காலம் கழுத்து வலி, ராத்திரி தலைவலி, படுத்தா தூக்கம் வரலை. உடனே ஒரு தைலம், ஒரு மாத்திரை, இல்லைன்னா சலூன்ல 'தலையை ஒரு திருப்பு திருப்புங்கண்ணே!'

இந்த வாரம் அந்த ஓவர்டைம் கதைதான். கடைசியில அந்த சலூன் சமாசாரத்துக்கும் வருவோம். அதைப் படிக்காம மட்டும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க.

விடுறதுக்கும் தெம்பு வேணும்!

நம்ம உடம்புல எலும்போடு ஒட்டின தசைகள் மட்டும் 600-க்கு மேல. ஒரு தசை எப்படி இறுகுது? மூளையிலிருந்து கிளம்புற ஆர்டர் தண்டுவடம் வழியா இறங்கி, நரம்போட நுனிக்கு வருது. அங்கே அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் சுரக்குது. உடனே தசை செல்லுக்குள்ள பூட்டி வெச்சிருந்த கால்சியம் திறந்துவிடப்படுது. கால்சியம் வந்ததும் மயோசின், ஆக்டின்னு ரெண்டு புரத இழைகள், கயிறு இழுக்கிற போட்டி மாதிரி ஒண்ணையொண்ணு பிடிச்சு இழுக்க ஆரம்பிக்குது. தசை சுருங்கிடுச்சு!

சரி, தளர்றது எப்படி? 'இழுக்கிறதை நிறுத்தினா போதும், தானா தளர்ந்துடும்'னுதானே நினைக்கிறீங்க? அதுதான் இல்லை. வெளியே வந்த கால்சியத்தை பம்ப் பண்ணி மறுபடி உள்ளே அடைக்கணும். பிடிச்ச பிடியை மயோசின் விடணும். ரெண்டுக்குமே ஏ.டி.பி. என்கிற எரிபொருள் தேவை. ஆதாரம் வேணுமா? உயிர் போன சில மணி நேரத்துல உடம்பு விறைச்சுப் போறது ஏன்? ஏ.டி.பி. தீர்ந்துபோச்சு. பிடிச்ச பிடியை விடக்கூட தெம்பு இல்லை! அதனால 'ரிலாக்ஸ்'ங்கிறது சும்மா இருக்கிறது இல்லை பாஸ், அதுவும் உடம்பு செய்ற ஒரு வேலைதான்.

இன்னொரு பக்கம், தசைக்குள்ளேயே உளவாளிகள் இருக்காங்க. தசைச்சுழல் என்கிற உணர்வு உறுப்பு, 'தசை எவ்வளவு நீளுது, எவ்வளவு வேகமா நீளுது'ன்னு தண்டுவடத்துக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் ரிப்போர்ட் அனுப்பும். தசைநாண்ல இருக்கிற கோல்ஜி உறுப்பு, 'எவ்வளவு பலமா இழுக்குது'ன்னு சொல்லும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்ன சுத்தியலால தட்டினதும் கால் தூக்கிப் போடுதே, அது முதல் உளவாளியோட வேலை. மூளைக்கு ஃபைல் போறதுக்கு முன்னாடியே தண்டுவடம் கையெழுத்துப் போட்டு அனுப்பிடும்.

டென்ஷன் ஆனா என்ன ஆகும்? 'ஓடு, இல்லைன்னா மோது'ன்னு உடம்பு தயாராகுது. அட்ரினலின் ஏறுது, இதயம் படபடக்குது, தோள், கழுத்து, தாடை எல்லாம் முறுக்கேறுது. எதிர்ல காட்டெருமை வந்தா இது சரி. ஓடிடலாம், முறுக்கும் தீர்ந்துடும். ஆனா எதிர்ல இருக்கிறது எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்! ஓடவும் முடியாது, மோதவும் முடியாது. ஏறின முறுக்கு இறங்க வழியில்லாம அப்படியே நிக்குது.

இதுல தோள்பட்டைத் தசைக்கு ஒரு சோகக் கதை உண்டு. ஒரு தசையில் இருக்கிற எல்லா இழைகளும் ஒரே நேரத்துல வேலைக்கு வராது. சின்ன வேலைக்கு சின்ன இழைகள் முதல்ல வரும், பாரம் ஏற ஏறப் பெரியவை சேரும். பாரம் இறங்கினா பெரியவை முதல்ல வீட்டுக்குப் போயிடும், சின்னவை கடைசியில. ஸ்வீடனைச் சேர்ந்த கோரன் ஹேக் என்ற ஆராய்ச்சியாளர் 1991-ல் இதுக்கு 'சிண்ட்ரெல்லா கருதுகோள்'னு பேர் வெச்சார். கதையில வர்ற சிண்ட்ரெல்லா மாதிரி முதல்ல எழுந்து, கடைசியில படுக்கிற இழைகள். கம்ப்யூட்டர் முன்னாடி லேசா தோளைத் தூக்கிக்கிட்டே 4 மணி நேரம் உட்கார்ந்தா, நமக்குக் கஷ்டமே தெரியாது. ஆனா அந்தச் சின்ன இழைகளுக்கு 4 மணி நேரமும் பிரேக்கே கிடையாது. பாரம் தூக்காமலே தோள் வலிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. அப்போ தேவை என்ன? பெரிய லீவு இல்லை, நடுநடுவே சின்னச் சின்ன பிரேக்!

ரிலாக்ஸ் பண்ணவும் டிரெயினிங்!

இந்த இடத்துல ஒருத்தரை அறிமுகப்படுத்தியே ஆகணும். எட்மண்ட் ஜேக்கப்சன். 1888-ல் சிகாகோவில் பிறந்த டாக்டர். ஹார்வர்டில் மாணவரா இருந்தப்பவே அவருக்கு ஒரு ஆர்வம். திடீர்னு பெரிய சத்தம் கேட்டா மனுஷன் தூக்கிவாரிப் போடுறான் இல்லையா? உடம்பு நல்லா தளர்ந்திருக்கிறவங்களுக்கு அந்தத் தூக்கிவாரிப் போடுறது குறையுதுங்கிறதைக் கவனிச்சார். முழங்கால் தட்டல்கூட அவங்களுக்கு லேசாத்தான் இருந்தது.

'படுத்து ரெஸ்ட் எடுங்க'ன்னு டாக்டருங்க சொல்றாங்க. நோயாளியும் படுக்கிறார். ஆனா உள்ளே தசை தளர்ந்திருக்கா? ஜேக்கப்சன் அளந்து பார்த்தார். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு ஒரு மைக்ரோவோல்ட். அந்த அளவுல தசை மின்சாரத்தை அளக்கிற கருவிகளோட வேலை செஞ்சவர் அவர். அசையாம படுத்திருக்கிறவங்க தசைகள்லகூட மிச்சம் மீதி இறுக்கம் இருக்கிறதைக் காட்டினார்.

அவரோட 1930-களின் சோதனை ஒண்ணு செம இன்ட்ரஸ்டிங். கையில எலெக்ட்ரோட் மாட்டிட்டு, 'கையை மடக்காதீங்க, மடக்கிற மாதிரி நினைச்சு மட்டும் பாருங்க'ன்னு சொல்வார். கை அசையாது. ஆனா கருவியில முள் அசையும்! நினைச்ச அதே தசையில் மின்சாரம். அதாவது, நாளைக்கு எக்ஸாம் ஹால்ல என்ன ஆகுமோன்னு நீங்க பெட்ல படுத்து யோசிக்கிறப்போ, உடம்பு அந்த ஹால்ல ஏற்கெனவே போய் உட்கார்ந்துடுச்சு!

இதிலிருந்து ஜேக்கப்சன் ஒரு பயிற்சியை உருவாக்கினார். தசையை வேணும்னே லேசா இறுக்கு, அந்த உணர்வைக் கவனி, அப்புறம் விடு. 'ரிலாக்ஸ் பண்ணணும்னா எதுக்கு சார் இறுக்கச் சொல்றீங்க?'ன்னு கேட்கலாம். காரணம் சிம்பிள். ஃபேன் சத்தம் நாள் முழுக்க ஓடினா நம்ம காதுக்குத் தெரியாது, கரன்ட் போனாத்தான் 'அட, இவ்வளவு சத்தமா இருந்துச்சா'ன்னு தெரியும். தசை இறுக்கமும் அப்படித்தான். ஏத்தி இறக்கினாத்தான் வித்தியாசம் பிடிபடும். எங்கே இறுகுதுன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அதை விடத் தெரியும்.

1929-ல் டாக்டர்களுக்கு ஒரு புத்தகம், 1934-ல் 'யூ மஸ்ட் ரிலாக்ஸ்'ங்கிற பேர்ல பொதுமக்களுக்கு ஒரு புத்தகம். அவரோட ஒரிஜினல் பயிற்சி மாசக்கணக்குல போகும். ஒரு நாள் முழுக்க ஒரு கை மட்டும்! அவ்வளவு பொறுமை நமக்கு ஏது? பின்னாடி வந்தவங்க சுருக்கினாங்க. 1973-ல் பெர்ன்ஸ்டைன், போர்கோவெக்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 16 தசைக் குழுக்களா பிரிச்சு ஒரு கையேடு போட்டாங்க. இன்னிக்கு தூக்கமின்மை, பதற்றம், டென்ஷன் தலைவலிக்கெல்லாம் உலகம் முழுக்க சொல்லித்தர்ற முறையோட அடிப்படை இதுதான்.

செஞ்சு பாருங்க: 15 நிமிஷ பேக்கேஜ்

ஹாஸ்டல் கட்டில் போதும், யோகா மேட் எல்லாம் வேணாம். மொபைலை சைலன்ட்ல போட்டு எட்டாத தூரத்துல வைங்க. மல்லாந்து படுங்க, இல்லைன்னா சாய்ஞ்சு உட்காருங்க. ஒவ்வொரு இடத்தையும் 5 முதல் 7 செகண்ட் இறுக்கணும், அப்புறம் பட்டுன்னு விட்டுட்டு 30 செகண்ட் சும்மா கவனிக்கணும். முழு பலத்தையும் போட வேணாம், பாதி போதும்.

1. வலது கையை முஷ்டி பிடிங்க. விடுங்க. விரல் வரைக்கும் ஒரு கதகதப்பு பரவுதான்னு பாருங்க. அப்புறம் இடது கை.

2. முழங்கையை மடக்கி புஜத்தை முறுக்குங்க. ஜிம் செல்ஃபி போஸ்தான்! விடுங்க.

3. புருவத்தை மேலே தூக்குங்க, விடுங்க. கண்ணை இறுக்கி மூடுங்க, விடுங்க. பல்லை லேசா கடிங்க, விடுங்க. விட்ட பிறகு உதடு மூடியிருக்கட்டும், பல்லு மட்டும் பிரிஞ்சிருக்கட்டும்.

4. தோள்பட்டையைக் காதை நோக்கித் தூக்குங்க. பிடிங்க. சட்டுன்னு விழ விடுங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் ஒன்ஸ்மோர் போட்டுக்கலாம்.

5. மூச்சை இழுத்து வயித்துத் தசையை இறுக்குங்க. மூச்சோட சேர்த்து விடுங்க.

6. தொடையை இறுக்குங்க, விடுங்க. அப்புறம் பாதத்தை முகத்தை நோக்கி மடக்குங்க, விடுங்க. கால் விரலை எதிர்ப்பக்கம் பலமா நீட்டாதீங்க. ஆடுசதையில குரக்களி பிடிச்சா ரிலாக்ஸ் எல்லாம் பறந்து போய், ரூமே எழுந்துக்கும்.

7. கடைசியா 2 நிமிஷம் எதையும் இறுக்காம, தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு ரவுண்டு மனசாலேயே போய்ப் பாருங்க. எங்கே மிச்சம் இருக்கோ அங்கே விடுங்க.

முதல் நாளே சொர்க்கம் தெரியாது. சைக்கிள் ஓட்டக் கத்துக்கிற மாதிரிதான். ஒரு ரெண்டு வாரம் தினமும் செய்யணும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஆரம்பிச்சுட்டு 'வொர்க் ஆகலை'ன்னு சொல்லாதீங்க. அடிபட்ட இடம், ஆபரேஷன் பண்ண இடம் இருந்தா அதை மட்டும் இறுக்காம விட்டுடுங்க. இன்னொண்ணு, சிலருக்கு உடம்பு தளர ஆரம்பிச்சதும் பயம் அதிகமாகும், 'கன்ட்ரோல் போகுதே'ன்னு தோணும். இதுவும் ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணின விஷயம்தான். கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு, ரெண்டு கையோட மட்டும் ஆரம்பிங்க. அப்பவும் சரிப்படலைன்னா வற்புறுத்த வேணாம், நடைப்பயிற்சி போங்க.

மசாஜ் என்ன மாயம் செய்யுது?

இது நாமே நமக்குச் செஞ்சுக்கிறது. இன்னொருத்தர் கை பட்டா? அதுலயும் சங்கதி இருக்கு.

மேஜை ஓரத்துல முழங்கையை இடிச்சுக்கிட்டா முதல்ல என்ன பண்றோம்? பரபரன்னு தேய்க்கிறோம். வலி குறையுது. ஏன்? 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால்னு ரெண்டு பேர் ஒரு விளக்கம் கொடுத்தாங்க. தண்டுவடத்துல வலிச் செய்திக்கு ஒரு கேட் இருக்கு. தொடுதல், அழுத்தம் பத்தின செய்தி தடிமனான, வேகமான நரம்பு வழியா வந்து அந்த கேட்டைக் கொஞ்சம் சாத்திடுது. டவுன் பஸ் வாசல்ல நாலு பேர் அடைச்சுக்கிட்டு நின்னா பின்னாடி வர்றவர் ஏற முடியாத மாதிரி. அந்த விளக்கத்தோட நுணுக்கங்களைப் பின்னாடி நிறைய திருத்தியாச்சு. ஆனா தண்டுவடத்துலயே வலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்ங்கிற ஐடியா நிலைச்சு நிக்குது.

அடுத்தது இன்னும் அழகு. முடி இருக்கிற தோல்ல, அதாவது கை, முதுகு மாதிரி இடங்கள்ல, ஒரு ஸ்பெஷல் நரம்பு இருக்கு. 'சி-டேக்டைல்'னு பேர். வேகம் ரொம்பக் கம்மி, செகண்டுக்கு சுமார் 1 மீட்டர்தான். சாதாரண தொடு நரம்பு அதைவிடப் பல மடங்கு ஃபாஸ்ட். அப்போ இந்த ஆமை எதுக்கு? ஸ்வீடனின் கோதென்பர்க் ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வுல, தோலை பிரஷ்ஷால வெவ்வேறு வேகத்துல வருடிப் பார்த்தாங்க. செகண்டுக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்துல வருடினப்பதான் இந்த நரம்பு குஷியாச்சு. ஜனங்களும் அதே வேகத்தைத்தான் 'இதமா இருக்கு'ன்னு சொன்னாங்க. காய்ச்சல்ல படுத்திருக்கிறப்போ அம்மா முதுகைத் தடவிக்கொடுக்கிற வேகத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க, கிட்டத்தட்ட அதுதான்! எங்கே தொட்டாங்கன்னு சொல்றதுக்கு அந்த வேக நரம்பு, 'நம்ம ஆளு பக்கத்துல இருக்காங்க'ன்னு சொல்றதுக்கு இந்த ஆமை நரம்பு.

இதுக்கு நிஜ வாழ்க்கையில மதிப்பு உண்டு. அமெரிக்காவின் மியாமியில் டிஃபனி ஃபீல்ட் குழு, 1986-ல் குறைமாசத்துல பிறந்த குழந்தைகளுக்கு தினமும் 3 தடவை, 15 நிமிஷம், 10 நாள் தடவிக்கொடுத்து கை, காலை அசைச்சுவிட்டாங்க. தடவிக்கொடுக்காத குழந்தைகளைவிட இவங்க எடை ஏறின வேகம் 47 சதவிகிதம் அதிகம். ஆஸ்பத்திரியிலிருந்து 6 நாள் முன்னாடியே வீட்டுக்குப் போனாங்க.

ஆனா மசாஜ் பத்தி ஒரு புருடாவும் ஓடிக்கிட்டு இருக்கு. 'தசையில தேங்கின லாக்டிக் ஆசிட்டை மசாஜ் பிழிஞ்சு எடுத்துடும்!' ஜிம் மாஸ்டர் முதல் ஸ்பா போர்டு வரைக்கும் இதே டயலாக். ஸாரி மாஸ்டர். உடற்பயிற்சி முடிச்சு சுமார் 1 மணி நேரத்துக்குள்ளேயே லாக்டேட் தானா கரைஞ்சு போயிடும். மறுநாள் படியிறங்கும்போது தொடை கதறுதே, அது லாக்டிக் ஆசிட் இல்லை. பழக்கமில்லாத வேலையில, அதுவும் நீண்டுக்கிட்டே பாரம் தாங்குற வேலையில, தசை இழைகள்ல ஏற்படுற நுண்ணிய கிழிசல், அதைத் தொடர்ந்து வர்ற அழற்சி. 2010-ல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வுல, கடும் பயிற்சி முடிஞ்ச கையோட மசாஜ் பண்ணினா ரத்த ஓட்டமும் லாக்டேட் வெளியேற்றமும் குறையத்தான் செஞ்சதுன்னு தெரியவந்தது. அழுத்துறப்போ குழாயையும் சேர்த்துத்தானே அழுத்துறோம்!

அப்போ மசாஜ் வேஸ்ட்டா? அவசரப்படாதீங்க. 2012-ல் அதே கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 11 இளைஞர்களை சைக்கிள் மிதிக்க வெச்சு களைப்பாக்கி, ஒரு தொடைக்கு மட்டும் 10 நிமிஷம் மசாஜ். அப்புறம் ரெண்டு தொடையிலிருந்தும் கொஞ்சூண்டு தசையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தாங்க. லாக்டேட்ல வித்தியாசம் இல்லை. ஆனா மசாஜ் பண்ணின தொடையில அழற்சி சிக்னல்கள் குறைவு! 11 பேர்ங்கிறது சின்ன ஆய்வு, அதை மறக்கக்கூடாது. ஆனா பாட்டி கைப்பக்குவத்துக்கும் செல்லுக்குள்ள வேலை இருக்குன்னு ஒரு தடயம் கிடைச்சாச்சு.

நம்ம ஊர் சரக்கு

'மசாஜ்'னதும் தாய்லாந்து, ஸ்வீடன்னு யோசிக்கிறோம். சித்த மருத்துவத்துல புற மருத்துவ முறைகள் 32. அதுல ஒண்ணு தொக்கணம். தட்டல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல்னு கையாள்கிற விதத்தை வெச்சு 9 வகையா பிரிச்சு வெச்சிருக்காங்க. முறைப்படி வேணும்னா தெருமுனை போர்டை நம்பாம, அரசு சித்த மருத்துவப் பிரிவுல கேளுங்க.

காசே இல்லாம இன்னொண்ணு, சவாசனம். பிணம் மாதிரி படுக்கிறது. யோகா கிளாஸ்ல கடைசி 5 நிமிஷம், பாதிப் பேர் குறட்டை விடுவாங்களே, அதேதான். 1969-ல் மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில டாக்டர் கே.கே. தத்தே குழு, ரத்த அழுத்தம் இருந்த 47 பேருக்கு சவாசனம் பழக்கி, முடிவுகளை மருத்துவ இதழ்ல வெளியிட்டாங்க. பல பேருக்கு அழுத்தம் இறங்கினது, சிலருக்கு மாத்திரை அளவைக் குறைக்க முடிஞ்சது. ஜேக்கப்சன் சிகாகோவில் கருவி வெச்சு தேடினதும், நம்ம ஆளுங்க பாயில படுத்துத் தேடினதும் ஒரே இடம்தான்! அதுக்காக அப்பாவோட பி.பி. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

கழுத்தைத் திருப்பாதீங்க ப்ளீஸ்!

இப்போ சீரியஸ் மேட்டர். முடி வெட்டி முடிச்சதும் தலைக்கு மசாஜ், தட்டல், அப்புறம் தாடையைப் பிடிச்சு 'டக்'னு ஒரு திருப்பு. 'நெட்டி முறிஞ்சதும் எவ்வளவு ஃப்ரீயா இருக்கு தெரியுமா?'

அந்த 'டக்' என்ன? எலும்பு சரியான இடத்துல உட்கார்ற சத்தம் இல்லை. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல திடீர்னு ஒரு வாயுக்குழி உண்டாகுது. விரல்ல சொடக்கு எடுக்கிறப்போ அது உருவாகுறதை 2015-ல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்துல எம்.ஆர்.ஐ. ஸ்கேன்ல நேரடியாவே படம் பிடிச்சாங்க. விரல்ல பரவாயில்லை. கழுத்து கதை வேற.

கழுத்தெலும்புகளோட பக்கவாட்டு ஓட்டைகள் வழியா, மூளைக்குப் போற ரெண்டு ரத்தக் குழாய்கள் ஏறிப் போகுது. ஊசியில நூல் கோத்த மாதிரி. தலையை வேகமா, எதிர்பாராத நேரத்துல திருப்பினா அந்தக் குழாயோட உள்சுவர் கிழியலாம். கிழிசல்ல ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். அபூர்வம்தான், மறுக்கலை. ஆனா இளவயசுல வர்ற பக்கவாதத்துக்கு இந்தக் கிழிசல் முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு. கழுத்தை பின்னாடி ரொம்ப வளைச்சாலும் ஆபத்து உண்டு. 1993-ல் அமெரிக்க நரம்பியல் டாக்டர் மைக்கேல் வெயின்ட்ராப், பார்லர்ல பேசின் மேல தலையைச் சாய்ச்சு ஷாம்பூ போட்ட பிறகு பாதிக்கப்பட்ட 5 பெண்களைப் பத்தி எழுதினார். 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்'னு பேரே வந்துடுச்சு.

சலூன் அண்ணன் மேல கோபப்பட வேணாம், அவர் அன்பாத்தான் செய்றார். தலை மசாஜ் வரைக்கும் ஓகே. 'அண்ணே, கழுத்தை மட்டும் திருப்ப வேணாம்ணே'ன்னு உட்காரும்போதே சொல்லிடுங்க. ரூம்மேட் மேல ஏறி முதுகுல நெட்டி எடுக்கிற வீர விளையாட்டும் வேணாம்.

கழுத்தைத் திருப்பின பிறகு, அப்பவோ, சில நாள் கழிச்சோ, இதுவரை வராத மாதிரி கழுத்து வலி, பின்னந்தலை வலி, தலைசுத்தல், பொருள் ரெண்டா தெரியறது, பேச்சுக் குழறல், நடை தடுமாற்றம்... இதுல ஏதாவது வந்தா 'சுளுக்கு'ன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டு படுக்காதீங்க. உடனே 108. கட்டியைக் கரைக்கிற ஊசியை ஆரம்ப 4½ மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பொதுவா பலன், அதனால ஒவ்வொரு நிமிஷமும் காசு!

வைவாவுக்கு ஒரு ஏணி

கடைசியா, ஜேக்கப்சன் டெக்னிக்கை எக்ஸாம் பயத்துக்கு எப்படிப் பயன்படுத்துறது? தென்னாப்பிரிக்க மனநல டாக்டர் ஜோசப் வோல்ப் 1958-ல் எழுதின புத்தகத்துல வழி சொல்லியிருக்கார். தளர்ந்த உடம்பும் பயமும் ஒரே நேரத்துல இருக்கிறது கஷ்டம். அதனால முதல்ல தளரு, அப்புறம் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே விடு.

வைவான்னா நடுக்கமா? ஒரு பேப்பர்ல ஏணி போடுங்க. முதல் படி, நோட்டீஸ் போர்டுல தேதி பார்க்கிறது. ரெண்டாவது, முதல் நாள் ராத்திரி. மூணாவது, லேப் வாசல்ல வரிசையில நிக்கிறது. நாலாவது, பேர் கூப்பிடுறாங்க. அஞ்சாவது, தெரியாத கேள்வி, நீங்க 'தெரியலை சார்'னு சொல்றீங்க. உடம்பைத் தளர்த்திட்டு முதல் படியை மட்டும் மனசுல ஓட்டுங்க. தோள் ஏறுதா? நிறுத்துங்க, மறுபடி தளர்த்துங்க, மறுபடி ஓட்டுங்க. ஏறாம இருக்கிற வரைக்கும் அடுத்த படிக்குப் போகாதீங்க. பயத்தைத் தவிர்க்காம எதிர்ல போய் நிக்கிறதுதான் இதுல பெரிய மருந்துன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிகள் சொல்லுது. அதனால முடிஞ்சா ஃப்ரெண்டை எக்ஸாமினரா உட்கார வெச்சு நிஜ ஒத்திகையும் பாருங்க. ஆனா ஒண்ணு... சிலபஸ் படிக்காம வர்ற பயத்துக்கு இதுல மருந்து இல்லை!

ஹால்ல உட்கார்ந்த பிறகு 1 நிமிஷ வெர்ஷன் இருக்கு. பேனாவை வைங்க. டெஸ்க்குக் கீழே முஷ்டி பிடிச்சு விடுங்க. தோளைத் தூக்கி விடுங்க. பல்லைப் பிரிங்க. மூச்சை 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்க. மூச்சை வெளியே விடுறப்போ வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக் போடும், அதனால வெளியே போற மூச்சு நீளமா இருக்கிறது நல்லது. மூணே மூணு தடவை. சூப்பர்வைசருக்குக்கூட சந்தேகம் வராது.

இவ்வளவும் செஞ்சும் வாரக்கணக்குல தூக்கம் இல்லை, எதுலயும் பிடிப்பு இல்லை, வாழ்றதே பாரமா இருக்குன்னு தோணினா, அது தோள்பட்டை விஷயம் இல்லை. வீட்லயோ, நம்பிக்கையான ஆசிரியர்கிட்டயோ பேசுங்க. 14416-க்கு போன் போடுங்க. அரசோட டெலி-மானஸ் சேவை, இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். உடம்பு இறுக்கத்தைத்தான் தனியா தளர்த்தணும், மனசு பாரத்தைத் தனியா தூக்கணும்னு எந்த சிலபஸ்லயும் இல்லை.

அது சரி, இவ்வளவு படிச்சீங்களே... இப்போ தோள்பட்டை எங்கே இருக்கு? அடடா, இறக்குங்க பாஸ்!

(அடுத்த வாரம்: மத்தியானம் முதல் பீரியட்ல மட்டும் ஏன் கண்ணைச் சொக்குது?)